படத்தின் கீழே உள்ள வரிகளையும் படியுங்கள்

நல்ல புகைப்படத்துக்கு விளக்கமே தேவையில்லை, அது தானாகப் பேசும் என்று புகைப்படங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் ஒத்துக்கொள்வேன். 2024-ல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் ஆண்டின் சிறந்த படமாகத் தேர்வானதே, ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் முகமது சலேம் காஸாவில் எடுத்தது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். நீல உடை அணிந்த ஒரு பெண், வெள்ளைத் துணியில் சுற்றிய சின்ன உடலைக் கட்டிப்பிடித்துக் குனிந்திருக்கிறார். இருவர் முகமும் தெரியாது. அந்தப் பெண்ணின் கையைப் பாருங்கள், தூங்கும் பிள்ளையின் தலையைத் தாங்குவதுபோல அத்தனை பதமாக இருக்கிறது! முதல் தடவை பார்த்தபோது தாயும் குழந்தையும் என்றே நினைத்துவிட்டேன். அப்புறம் கீழே உள்ள வரிகளைப் படித்தால், அந்தக் குழந்தை அவருடைய அண்ணன் தம்பி யாருடைய மகளோ, ஐந்தே வயது; படம் 2023 அக்டோபர் 17 அன்று காஸாவின் கான் யூனிஸ் நகர மருத்துவமனையின் பிணவறையில் எடுத்தது. அதற்குச் சில நாள் முன்புதான் சலேமின் மனைவிக்குக் குழந்தை பிறந்திருந்ததாம். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தபோது அந்தக் கையிலிருந்து கண்ணை எடுக்கவே முடியவில்லை. சரி, ஒளி, வண்ணம், சட்டகம் பற்றியெல்லாம் நீங்கள் எழுதியது அருமை, ஆனால் அடுத்த கட்டுரையில் ஒவ்வொரு படத்துக்கும் எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று இரண்டு வரியாவது சேர்த்துப் போடுங்கள்.