மிரளும் குதிரைக்கு ஓட்டம் மருந்தல்ல

மிரளும் குதிரையை நெடுநேரம் வட்டமாக ஓடவிட்டுக் களைக்கச் செய்தால், குறித்த அசைவுகளை வரிசையாகச் செய்துகாட்டும் டிரெஸாஜ் போட்டியில் அடங்கி நிற்கும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது என் அனுபவத்துக்கு ஒத்துவரவில்லை. பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு தரிசில் போட்டிக் களத்தைப் போலவே 20 மீட்டர் அகலமும் 60 மீட்டர் நீளமும் அளந்து கயிறு கட்டி, எங்கள் மார்வாரி இனப் பெட்டைக் குதிரையை நாங்களும் முதலில் அப்படித்தான் பழக்கினோம். அதற்கு உடல் வலு கூடியதே தவிர, வேலியில் ஒரு பாலித்தீன் பை படபடத்தால் பக்கவாட்டில் தாவுவதை அது விடவில்லை. பிறகுதான் என் கை மீதே எனக்குச் சந்தேகம் வந்தது: மிரளப்போகிறதே என்று நான் முன்கூட்டியே கடிவாள வாரை இறுக்க, அந்த இறுக்கமே அதற்கு எச்சரிக்கையாகிவிட்டிருக்கிறது. வாரைச் சற்றுத் தளர்த்தி, மூச்சை நீளமாக விட்டு, பைக்குப் பத்தடி தள்ளி வளைத்து நடத்தினால் முதலில் ஒரு காது என் பக்கம் திரும்பும், அப்புறம் கழுத்து இறங்கும். முதல் போட்டியில் களத்தின் ஓரத்தில் இடங்களைக் குறிக்கும் எழுத்துப் பலகையருகே இருந்த பூந்தொட்டியைக் கண்டு அது நின்றுவிட, அந்த அசைவுக்கு 10க்கு 3தான் கிடைத்தது. ஒவ்வோர் அசைவுக்கும் தனி மதிப்பெண் என்பதால் சவுக்கைத் தொடாமல் தொடர்ந்தேன். நெல்லை வெயிலில் காலை ஏழு மணிக்குள் பயிற்சியை முடித்துவிட வேண்டும் என்பதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.