நித்தியகல்யாணிக் கசாயம் குடிக்கச் சொல்கிறவர்களுக்கு

அந்தக் காணொளியை எனக்கு அனுப்பாத சொந்தக்காரர் இனி யாரும் பாக்கி இல்லை. "கீமோ விஷம், வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியே போதும்" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்கிறாரே, அதேதான். கோபப்படாமல் சொல்லிப் பார்க்கிறேன்.

ஐயா, எங்கள் அத்தையின் புற்றுநோய்க்கு ஏற்றிய கீமோ மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்டின். அது வருவதே நித்தியகல்யாணியிலிருந்துதான். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர், சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று அந்த இலைச்சாற்றை எலிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். சர்க்கரை இறங்கவில்லை. வெள்ளை அணுக்கள் சரிந்து, தொற்று வந்து எலிகள் செத்தன. வெள்ளை அணுக்களைக் குறைப்பது ரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே என்று தேடிய வழியில் வந்தவைதான் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள். நீங்கள் விஷம் என்று திட்டுவதும் அமிர்தம் என்று புகழ்வதும் ஒரே செடியை!

செடியில் மருந்து இருக்கிறது. யார் இல்லை என்றது? எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு கிராம் வின்கிறிஸ்டின் எடுக்கக் குறைந்தது நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். ஊசியிலோ ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்ட விடமாட்டார்கள், நரம்பு கெடும் என்பதால். உங்கள் டம்ளரில் எத்தனை மில்லிகிராம்? 'ஒரு கைப்பிடி' என்றால் யாருடைய கை?

அளந்து போட்டே அத்தையின் விரல்கள் மரத்துப்போயின. வெள்ளிக்கிழமை தவறாமல் பூக்கட்டுகிறவர். நாரில் முடிச்சு இறுகாமல் மல்லிகை மடியெல்லாம் உதிர்ந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஒருவர் பாட்டிலோடு வந்தார். "இயற்கை, பக்கவிளைவே கிடையாது." அத்தை அடுத்த ஊசிக்குப் போகவில்லை. கழுத்துக் கட்டி மறுபடியும் வீங்கிய பிறகுதான் போனார்.

மருந்துக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேனாம். வின்கிறிஸ்டினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1963இல். காப்புரிமையெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. முன்னோரை அவமதிக்கிறேனாம். அந்தச் செடியின் பூர்வீகம் மடகாஸ்கர், எந்த முன்னோர்? சித்த மருத்துவத்தை இழுக்காதே என்பீர்கள். நான் இழுக்கவில்லை. நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஊருக்கே ஒரே கசாயம் சொல்வதை, முறையாகப் படித்த சித்த மருத்துவர் ஒருவரிடமே கேட்டுப் பாருங்கள். செலவு தாங்கவில்லை என்பது மட்டும் நியாயம். அதற்கும் கசாயம் பதில் இல்லை, அளவு அளவுதான்.

பாட்டில் கொண்டுவந்தவர் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ராத்திரி துணைக்கு ஆள் கேட்டபோது எல்லோருக்கும் வேலை இருந்தது. காணொளி அனுப்ப மட்டும் நேரம் இருக்கிறது. இன்னொரு முறை அது வந்தால் குடும்பக் குழுவிலிருந்து வெளியேறிவிடுவேன். அம்மா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.