கூரையை அளந்தீர்களா?

ஞாயிற்றுக்கிழமை வந்த அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பட்டறையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, அவர்களும் பிழைக்க வேண்டும். சிவப்பு மாஸ்டா எம்எக்ஸ்-5. பானெட் கழற்றியாயிற்று. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாகச் சங்கிலியில் சாய்ந்து தொங்குகின்றன. கூரையில் தொங்கும் செயின் பிளாக் (கையால் சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) முழுதும் ஏறி முடிந்துவிட்டது, கியர்பாக்ஸின் வால் இன்னும் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு பையன்கள் காரைப் பின்னால் தள்ளுகிறார்கள். இன்ஜின் ஆடுகிறது. பிறகு இன்ஜின் வண்டியில் இடிக்கும் அந்தச் சத்தம்.

அன்றிலிருந்து புதுச்சேரி முழுக்க ஒரே தீர்ப்பு: "ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கீழேதான் இறக்க வேண்டும், மேலே தூக்குவது லாரிக்காரன் வேலை." இல்லை. மேலே தூக்கியது தவறே இல்லை. கூரையை அளக்காமல் தூக்கியதுதான் தவறு.

போர்ஷே 911-இல் இன்ஜின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கிறது, அதைக் கீழேதான் இறக்குவார்கள். ஃபெராரி எஃப்355-இல் டைமிங் பெல்ட் மாற்றவே இன்ஜினைக் கீழ்வழியாக வெளியே எடுக்க வேண்டும். அங்கெல்லாம் வேறு வழியில்லை. 1989-இல் வந்த இந்த மாஸ்டா அப்படியல்ல. இன்ஜின் முன்னால், ஓட்டம் பின்சக்கரத்துக்கு. கியர்பாக்ஸோடு சேர்த்து மேலே எடுக்கலாம், இன்ஜினை மட்டும் பிரித்து மேலே எடுக்கலாம், இன்ஜினைத் தாங்கும் அடிச்சட்டமான சப்ஃபிரேமோடு கீழே இறக்கிவிட்டு வண்டியின் உடம்பை மேலே தூக்கலாம். மூன்றும் சரிதான். எதற்காக எடுக்கிறோம், எந்தக் கூரைக்குக் கீழே எடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. கிளட்ச் மட்டும் என்றால் இன்ஜினைத் தொடவே வேண்டாம், கியர்பாக்ஸை இறக்கினால் போதும்.

இந்த வண்டி புகை தள்ளியது, முழுதாகப் பிரிக்க வேண்டியிருந்தது. சரி. கூரை தாழ்ந்த தகரக் கொட்டகை. அங்கே கியர்பாக்ஸைப் பிரித்துவிட்டு இன்ஜினை மட்டும் எடுத்திருக்க வேண்டும். அது எளிதல்ல, எனக்குத் தெரியும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மேல் போல்ட்டுகளுக்கு வண்டிக்கு அடியில் படுத்து, நீளக் கம்பி கோத்துத்தான் ஸ்பேனர் போட முடியும். திரும்ப மாட்டும்போது கிளட்ச் தட்டின் பற்களில் தண்டு உட்காரும்வரை கை கடுக்கும். ஆனால் வால் இல்லாத இன்ஜினுக்கு அந்தக் கூரையே போதும்.

"கீழே இறக்கினால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று எழுதியவர்களுக்கு: ஸ்டியரிங் தண்டு, பிரேக், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் விடுவிக்க வேண்டும், பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். இரண்டு தூண் லிஃப்ட் இருந்தால் நல்லது. எங்கள் வில்லியனூர்ப் பக்கம் எத்தனை பட்டறையில் அது இருக்கிறது? வாடகை கொடுக்கவே திணறுகிறவனிடம் போய் லிஃப்ட் வாங்கு என்கிறீர்கள்.

அதுகூடப் பரவாயில்லை. "மரத்தில் கட்டி இன்ஜின் தூக்கிய கூட்டத்திடம் இந்த வண்டியைக் கொடுக்கலாமா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நூற்றுக்கு மேல் விருப்பக்குறிகள். அதில் என் நண்பர்கள் நான்கு பேர்.

அந்தக் கூட்டத்தில் பிறந்தவன் நான். கடலூர் முதுநகரில் அப்பாவின் பட்டறை என்பது ஒரு வேப்பமரமும் அதன் கிளையில் தொங்கிய செயின் பிளாக்கும்தான். அம்பாசிடர் இன்ஜின்கள் எத்தனை அந்தக் கிளையில் ஏறின என்று எனக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் சங்கிலியைத் தொடுவதற்கு முன் அப்பா ஸ்டூலில் ஏறி, கொக்கியிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு சணல் கயிற்றைத் தொங்கவிடுவார். வண்டியின் முன்தகட்டைத் தாண்ட எத்தனை முடிச்சு வேண்டும் என்று எண்ணுவார். ஒரு முடிச்சு குறைந்தாலும், "டேய், டயரில் காற்றைப் பிடுங்கு" என்பார். வண்டி தாழும், இடம் கிடைக்கும். மேலே தூக்கினாலும் நாங்கள் அதை "இன்ஜின் இறக்குவது" என்றுதான் சொன்னோம். இப்போதும் அப்படித்தான் சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30, தானே புயலில் அந்த மரம் சாய்ந்தது. வீட்டு ஓடுகள் பறந்து கிடந்தன. அப்பா முதலில் மரத்திடம் போய், கிளைக்கு அடியில் சிக்கியிருந்த செயின் பிளாக்கை உருவி எடுத்து, கட்டியிருந்த வேட்டியாலேயே சேற்றைத் துடைத்தார். அவரைத்தான் "கூட்டம்" என்கிறீர்கள். ஒரு வண்டியைக்கூட அவர் இடித்ததில்லை.

"அப்படியானால் அந்தப் பட்டறைக்காரருக்கு வக்காலத்தா" என்று கேட்பீர்கள். இல்லை. கியர்பாக்ஸ் ஆயிலை வடிக்காமல் சாய்த்திருக்கிறார், வீடியோவில் தரையெல்லாம் ஆயில். ஒயரிங்கை முழுதாகக் கழற்றவில்லை. உரிமையாளரிடம் எந்த வழியில் எடுக்கப்போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பையன்களின் முகத்தை வட்டம் போட்டுப் பகிர்ந்தீர்களே, அதற்கு யார் பதில் சொல்வது? சின்னவனுக்குப் பதினெட்டு வயதுகூட இருக்காது. இன்ஜின் இடித்த அந்த நொடியில் அவன் வெறுங்கையால் அதைப் பிடிக்கப் போனான். கொஞ்சம் தவறியிருந்தால் கை நசுங்கியிருக்கும். ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

உரிமையாளர் நேற்றிரவு பேசினார். வண்டி புதன்கிழமை என் ஷெட்டுக்கு வருகிறது. அந்தப் பையனையும் கூட அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறேன். அப்பாவின் கயிறு இன்னும் என்னிடம் இருக்கிறது.