மிளகாய் நாற்று மஞ்சளானால் உடனே யூரியாவா?

"இலை மஞ்சளாகிச் சுருண்டால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவுதான், யூரியா கரைத்து ஊற்றுங்கள்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தழைச்சத்துக் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள்தான் முதலில் சீராக வெளுக்கும். சுருளல் அதன் அடையாளம் இல்லை.

சுருளல் கொழுந்தில் தெரிந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள், லென்ஸ் இருந்தால் நல்லது. ஓரம் மேல்நோக்கி மடங்கினால் பெரும்பாலும் இலைப்பேன் என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டிருந்தால் மஞ்சள் முரணைச் சிலந்தி என்ற நுண்ணிய சிலந்திப்பேன். அது வெறுங்கண்ணுக்குச் சிக்காது. இப்போது யூரியா போட்டால் தளிர் இன்னும் இளசாகி இந்தப் பூச்சிகளுக்குத்தான் விருந்து. பிஞ்சு வேரும் கருகலாம். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ் என்றால் மருந்தே கிடையாது, செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டியதுதான்.

பூச்சி எதுவும் இல்லையா? மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். சதா ஈரமாக இருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது, தண்ணீரைக் குறையுங்கள். புது இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண்ணில் இது சகஜம். முதலில் வந்த வித்திலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் அது இயல்புதான், விட்டுவிடுங்கள்.