கராஎஸ்: கெல்ட் மரபு கல்லில் இல்லை

பிரான்சின் மேற்குக் கோடியிலுள்ள பிரெத்தாஞ் பகுதியின் கெல்ட் மரபைப் பற்றி, அதாவது ஐரோப்பாவின் பண்டைய இனத்தாராகிய கெல்டியரின் மரபைப் பற்றி, எழுதுபவர்கள் நெடுங்கற்களின் படத்தையே முகப்பில் வைக்கிறார்கள். அக்கற்களை நட்டவர்கள் கெல்டியர் அல்லர். கெல்டியர் அங்கு வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அவை நின்றுகொண்டிருந்தன. அவற்றைக் குறிக்கும் 'மென்ஹிர்' என்ற சொல்தான் கெல்ட் மொழியாகிய பிரெத்தோனிலிருந்து வந்தது. 'நீண்ட கல்' என்பது அதன் பொருள்.

அச்சொல்லைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர், கரே என்னும் சிற்றூரில் 1743இல் பிறந்த லா தூர் தோவெர்ஞ். பிரெத்தோனில் அவ்வூர் கராஎஸ். போர்வீரரான அவர், தம் தாய்மொழி, ரோமானியருக்கு முன்பே பிரான்சில் வாழ்ந்த கெல்டியராகிய கால் (Gaul) மக்களின் பண்டை மொழியினுடைய நேரடி எச்சம் என்று நம்பினார். உண்மையில், 5, 6ஆம் நூற்றாண்டுகளையொட்டிக் பிரித்தானியத் தீவிலிருந்து கடல்கடந்து வந்த கெல்டியர் கொண்டுவந்த மொழி அது. வேல்ஸ் மொழியும் கார்ன்வால் மொழியும் அதன் நெருங்கிய உறவுகள். அவருடைய பற்றை மதிக்கிறேன். ஆனால் ஒரு மொழியைக் காப்பதற்கு அதன் தொன்மையை மிகைப்படுத்த வேண்டியதில்லை.

ஊரின் தொன்மைக்கோ குறைவில்லை. ஒசிஸ்மி என்னும் கால் இனத்தாரின் தலைநகராக ரோமானியர் அமைத்த வோர்கியம் இதுவே. அந்நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த, சுமார் 27 கிலோமீட்டர் நீளக் கால்வாயின் எச்சங்கள் இன்றும் உள்ளன.

எனினும், கராஎஸின் உண்மையான கெல்ட் செல்வமாக நான் கருதுவது அங்கே 1999 முதல் இயங்கும் திவான் மேல்நிலைப்பள்ளியை. நம் காதில் அமைச்சர் பதவியாக ஒலிக்கும் அச்சொல்லுக்கு பிரெத்தோனில் 'முளைத்தல்' என்று பொருள். 1977இல் தொடங்கிய திவான் பள்ளிகளில் பிரெத்தோன் ஒரு பாடமாக மட்டும் நின்றுவிடாமல், பிற பாடங்களைக் கற்பிக்கும் மொழியாகவும் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பத்து இலட்சம் பேரளவில் பேசிய மொழியை, அண்மைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1,07,000 பேரே பேசுகிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் முதியவர்கள். வீட்டில் அறுந்த இழையைப் பள்ளிதான் முடிச்சிட்டு இணைத்துக்கொண்டிருக்கிறது.

இந்நிலையில், 2021 மே மாதம், அரசமைப்பின் 2ஆம் பிரிவு பிரெஞ்சையே குடியரசின் மொழி என்று கூறுவதைக் காட்டி, இத்தகைய முழுமொழிக் கல்விமுறை செல்லாது என பிரான்சின் அரசமைப்பு மன்றம் தீர்ப்பளித்தது எனக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது. நெடுங்கற்களைச் சட்டத்தால் காக்கும் நாடு, அவற்றுக்குப் பெயர் தந்த மொழியில் ஒரு குழந்தை கணக்குப் படிப்பதைத் தடுக்கக் கூடாது. அதற்காக அந்த 2ஆம் பிரிவைத் திருத்த வேண்டும்.