கேட்லேர்ந்து கதவு வரைக்கும் ஒரே சோகம்

போன ஞாயித்துக்கிழமை பெங்களூரு அல்சூர்ல ஃப்ரெண்டு வீட்டு மொட்டைமாடில அஞ்சாறு பேர் உக்காந்து என் கதைய படிச்சோம். தருமபுரிலேர்ந்து ஒரு அம்மா முதல் தடவையா ஒயிட்ஃபீல்டுல மகன் ஃப்ளாட்டுக்கு வர்றாங்க, அதான் ஆரம்பக் காட்சி. முடிச்சதும் ஒரு அக்கா கேட்டாங்க, "ஏம்ப்பா, இந்தம்மா கேட்லேர்ந்து கதவு வரைக்கும் 4 பக்கமும் சோகமாவே வர்றாங்களே, வழியில வேற ஒண்ணுமே தோணலயா?"

சுருக்குனு இருந்துச்சு. திரும்பி வரும்போது பஸ்ஸுல பிரிண்ட் அவுட்ட எடுத்து, ஒவ்வொரு பாரா பக்கத்துலயும் அந்தம்மா மனசுல என்ன ஓடுதுன்னு பென்சில்ல எழுதுனேன். சோகம், சோகம், கொஞ்சம் பயம், திரும்ப சோகம். (சில்க் போர்டு சிக்னல் டிராஃபிக்க தாண்டுறதுக்குள்ள ஒரு நாவலுக்கே எழுதிரலாம், அது வேற கதை.)

தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்னு ஒண்ணு இருக்குல்ல, நகை அழுகை இளிவரல்னு எட்டு உணர்ச்சி, ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டு மறந்தது. எனக்கு இப்ப கைகொடுத்தது அந்த எட்டு இல்ல, ஒவ்வொண்ணும் எதுலேர்ந்து பொறக்குதுன்னு நாலு நாலு சொல்லியிருக்கு பாருங்க, அது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமானப்பட்டு அழுறது வேற, பறிகொடுத்து அழுறது வேற, நல்லா இருந்த நிலைமை எறங்கிப்போய் அழுறது வேற, இல்லாம அழுறது வேற. என் கதையில அந்தம்மாவுக்கு எந்த அழுகைன்னு எனக்கே தெரியல, அதான் 4 பக்கம் இழுத்திருக்கேன்.

திரும்ப எழுதுனேன். இப்ப கேட்ல நின்னு அண்ணாந்து மாடி எண்ணுறாங்க, 14. கழுத்து வலிச்சாலும் இன்னொரு தடவ எண்ணுறாங்க. செக்யூரிட்டி "யாரு பேக்கும்மா?"ன்னு கன்னடத்துல யாரு வேணும்னு கேக்குறார், மகன் மீட்டிங்ல இருக்கான் போன் எடுக்கல, ஓரமா ஒரு பிளாஸ்டிக் சேர காட்டுறாங்க. சாப்பாடு கொண்டுவந்த டெலிவரி பையன் ஆப்ல ஓகே ஆகி நிக்காம உள்ள போறான். அந்தம்மா முறுக்கு டப்பாவ முந்தானையால மூடிக்கிறாங்க. அண்ணாந்து எண்ணுனது இல்லன்னா அந்த சேர் அவ்ளோ சுடாது, அதான் விஷயம். ஒண்ணு வந்தா முந்தினது ஓடிப்போறதில்ல, அடியில கிடக்கும், அதோடதான் மேல ஏறிப் போய் கதவத் தொறக்கற மருமகள பாத்து சிரிக்கிறாங்க.

ஆனா எழுதறதுக்கு முன்னாடியே கதாபாத்திரத்தோட உணர்ச்சி எப்படி மாறும்னு கிராஃப் போட்டு வெச்சுக்கணும்னு கிளாஸ் எடுக்கறாங்களே, அது எனக்கு ஆகாது. ஒரு தடவ பண்ணிப் பாத்தேன், கதாபாத்திரம் சிக்னல் லைட் மாதிரி செகப்பு மஞ்சள் பச்சைன்னு மாறிட்டு நின்னுச்சு. எழுதி முடிச்சு பென்சில எடுங்க, உணர்ச்சி பேர விட எந்த வரியில திரும்புச்சுன்னு கோடு போடுங்க.

எனக்கு லிஃப்ட் பாராவுல மட்டும் இன்னும் கோடு விழல. அம்மாவ முதல் தடவ லிஃப்ட்ல கூட்டிட்டுப் போனவங்க சொல்லுங்க, அவங்க கை எங்க இருந்துச்சு?