படை விமானங்கள் ட்ரான்ஸ்பொண்டரை அணைத்துவிட்டு வன்னிக்கு மேலால் பறக்க இடம் கொடுக்கக் கூடாது

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வரும் ஏரிஆர் பயணிகள் விமானங்கள் இறங்குகிற பலாலிதான் விமானப்படையின் தளமும். தெற்கே வந்தால் இரணைமடு, முல்லைத்தீவு, வவுனியா என்று வரிசையாக விமானப்படை முகாம்கள். வவுனியாவில் ஆளில்லா விமானங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் போகிற சின்ன விமானம் வன்னிக்கு மேலாலோ அதன் மேற்குக் கரையாலோதான் போக வேண்டும். பலாலியைப் பெரிசாக்கச் சொல்லி எல்லாரும் கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். ஆனால் படை விமானமும் பயணிகள் விமானமும் ஒன்றையொன்று எப்படிக் கண்டுகொள்ளும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கண்ணால் காணும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். 240 நொட்டில், அதாவது மணிக்கு 240 கடல் மைல் வேகத்தில், ஒரு பயணிகள் விமானம், எதிரே 120 நொட்டில் ஒரு ஹெலி. இரண்டும் பத்து விநாடிக்கு ஒரு கடல் மைல் வீதம் நெருங்கும். விமானி கண்டு, என்னவென்று விளங்கி, முடிவெடுத்து, திருப்பி, விமானம் உண்மையிலேயே விலகத் தொடங்கப் பன்னிரண்டரை விநாடி வேண்டும் என்பது அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகத்தின் கணக்கு. அதற்குள் 2.3 கிலோமீற்றர் போய்விடும். அந்தத் தூரத்தில் நேர் எதிரே வரும் ஹெலியின் உடல், விமானியின் முன் கண்ணாடியில் ஒரு மில்லிமீற்றர் புள்ளி. அதைவிட மோசம், மோதப் போகிற விமானம் கண்ணாடியில் இடம் மாறாது. விலகிப் போவதுதான் அசையும், கண்ணும் அசைவதைத்தான் பிடிக்கும். மோத வருவது ஒரே இடத்தில் நின்று, கடைசி விநாடிகளில் திடீரென்று பெருக்கும்.

இதற்காகத்தான் பயணிகள் விமானத்தில் டீகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி. அது 1030 மெகாஹேர்ட்ஸில் கேள்வி அனுப்பும், மற்ற விமானத்தில் இருக்கும் ட்ரான்ஸ்பொண்டர் என்ற பதில் கருவி 1090இல் பதில் சொல்லும். அந்தப் பதிலை வைத்துத் தூரமும் உயரமும் கணித்து முதலில் எச்சரிக்கை, பிறகு ஏறு அல்லது இறங்கு என்ற கட்டளை. பதில் சொல்லாத விமானம் டீகாஸுக்கு இல்லாத விமானம். 1971இல் லொஸ் ஏஞ்சலஸ் அருகே டிசி-9 ஒன்றில் மோதிய அமெரிக்கப் போர் விமானத்தின் ட்ரான்ஸ்பொண்டர் வேலை செய்யவில்லை. 50 பேர் செத்தார்கள். அப்போது டீகாஸும் இல்லை. ஆனால் 2025 டிசம்பரில், குராசாவோவிலிருந்து நியூயோர்க் போன ஜெட்புளூ விமானத்துக்குக் குறுக்கே அமெரிக்க விமானப்படையின் எரிபொருள் விமானம் ட்ரான்ஸ்பொண்டர் போடாமல் வந்தது. ஜெட்புளூ விமானி ஏறுவதை நிறுத்தியதால்தான் தப்பினார்கள்.

தரைக்கு ஆயிரம் அடி அளவுக்குக் கீழே டீகாஸ் கட்டளையும் தராது. 2025 ஜனவரி 29 இரவு வொஷிங்டனில் இறங்க வந்த பயணிகள் விமானமும் படை ஹெலியும் மோதியதைப் பாருங்கள். ஹெலிப் பாதையின் உச்ச வரம்பு 200 அடி. அதற்கும் 33ஆம் ஓடுபாதைக்கு இறங்கும் பாதைக்கும் இடையில் அதிகபட்சம் 75 அடிதான். பிளாக் ஹோக் என்ற அந்தப் படை ஹெலி வரம்புக்கு மேலே, 278 அடியில் நின்றது. ஹெலியும் விமானமும் வேறு வேறு அலைவரிசையில் பேசியதால் ஒருவர் பேசியது மற்றவருக்குக் கேட்கவில்லை. 67 பேர் செத்தார்கள். அந்த விமான நிலையத்தைச் சுற்றி 2021 ஒக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை 15,214 தடவை விமானமும் ஹெலியும் ஒரு கடல் மைலுக்குள், 400 அடிக்குள் நெருங்கியிருந்தன. தரவு முழுக்க விபத்துக்கு முன்னமே கையில் இருந்தது. கூட்டிப் பார்க்க ஆளில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

உயரத்தை நம்புவதிலும் ஒரு பொறி உண்டு, எங்களுக்கு அது முக்கியம். உயரமானி அளப்பது காற்றழுத்தத்தை. ஒரு ஹெக்டோபஸ்கல் பிசகினால் கிட்டத்தட்ட 28 அடி பிசகும். வங்கக் கடலில் தாழமுக்கம் வந்து அழுத்தம் 1003க்கு இறங்கிய நேரம், ஒருவர் பலாலி சொன்ன அழுத்தத்தையும் மற்றவர் பொது அளவான 1013ஐயும் வைத்துப் பறந்தால், இருவரின் கருவியும் ஒரே உயரத்தைக் காட்டினாலும் உண்மையில் 280 அடி வித்தியாசம். 300 அடி இடைவெளி என்று நம்பியிருந்தால் அது அழிந்துபோகலாம். டித்வா போன்ற புயலில் இந்திய ஹெலிகளும் எங்கள் ஹெலிகளும் ஒன்றாக நிவாரணத்துக்குப் பறக்கும் நாட்களில்தான் இந்த ஆபத்துக் கூட.

1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை அரச விமானங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பயணிகள் விமானங்களின் பாதுகாப்பைக் கவனத்தில் எடுத்தே அவற்றுக்கு விதி செய்ய வேண்டும் என்று அதன் மூன்றாம் பிரிவு நாடுகளைக் கட்டுகிறது. போர் முடிந்தது 2009இல். ஒளிந்து பறக்க வன்னியில் இனிக் காரணம் இல்லை. பயிற்சியோ சரக்கோ அதிகாரிகளின் பயணமோ, ட்ரான்ஸ்பொண்டர் உயரத்தோடு பதில் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வானத்தை மூடினால் எந்த நேரம், எத்தனை அடி முதல் எத்தனை அடி வரை என்று விமானிகளுக்கான அறிவித்தலில் முன்கூட்டியே வர வேண்டும். மூடியதை வேலை முடிந்ததும் திறக்கவும் வேண்டும். 1996இல் டெல்லிக்கு அருகே சார்க்கி தாத்ரியில் இரண்டு விமானங்கள் வானில் மோதி 349 பேர் செத்தபோது, வானத்தின் பெரும் பகுதி விமானப்படையிடம் இருந்ததால் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் ஒரே பாதைதான் இருந்தது. பலாலியை நெருங்கும் எல்லாரும் ஒரே அலைவரிசையில் பேச வேண்டும். நெருங்கித் தப்பிய சம்பவங்களின் எண்ணிக்கையை வருடத்துக்கு ஒருமுறை சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை வெளியிட வேண்டும். விமானியின் பெயர் தேவையில்லை. இடம், உயரம், இடைவெளி போதும்.

ராடர் இருக்கிறதே என்பார்கள். ராடர் நேர்கோட்டில்தான் பார்க்கும். தரைமட்டத்தில் நிற்கும் ராடருக்கு 500 அடியில் பறக்கும் ஹெலி 27 கடல் மைலுக்கு அப்பால் பூமியின் வளைவுக்குக் கீழே போய்விடும்.

வயலுக்கு ட்ரோனில் மருந்தடிக்கிற தம்பிமாருக்கும் இது பொருந்தும். உங்கள் ட்ரோனும் டீகாஸுக்குப் பதில் சொல்லாது. ஹெலிச் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் என்று அண்ணாந்து தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், உடனே ட்ரோனை வயல் வரம்பில் இறக்கி விசிறி நிற்கும்வரை பாருங்கள். வெள்ள நேரத்தில் மீட்பு ஹெலி தென்னை உயரத்துக்கும் இறங்கி வரும். அந்த நாட்களில் படம் எடுக்கவென்று ட்ரோன் ஏற்றவே வேண்டாம்.